ஊர் தாண்டிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு

நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அவர் கிடைப்பார். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக்கூட அவர் எட்டாத தூரம்தான். இந்த நிலையை மாற்ற நீண்ட காலமாக முயன்றுவரும் ஊர் திருவனந்தபுரம். 2005 ஜூலை 28 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இங்கே விக்டர்ஸ் கல்விச் சேவையைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பத்து மாதம் முன்பு, அந்தச் சேவைக்கு வழிசெய்த, கல்விக்கென்றே செய்யப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குப் போயிருந்தது. அதைச் சுமந்துசென்ற ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை உருவாக்கியதும் இதே ஊரின் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்தான்.

விக்டர்ஸின் முழு வலிமையும் வெளிப்பட்டது 2020 ஜூன் 1 அன்று. கொரோனாவால் பள்ளிகள் திறக்க முடியாத அந்த ஜூனில், கேரள அரசின் கைட் நிறுவனம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் தொலைக்காட்சி வகுப்புகளைத் தொடங்கியது. காலை எட்டரை மணிக்கு பிளஸ் டூ வகுப்பு. அதன்பின் மற்ற வகுப்புகள் ஒவ்வொன்றாக. பெரும்பாலும் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பாடம் எடுத்தவர்கள் சினிமாக்காரர்களோ அறிவிப்பாளர்களோ அல்ல, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பணியாற்றிய சாதாரண ஆசிரியர்கள். அதுவரை ஒரு வகுப்பறைக்குள் மட்டும் ஒலித்த குரல்கள் ஒரே நாளில் மாநிலம் முழுவதும் கேட்டன. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பாடங்கள் தயாராயின.

இன்று பி.எட். அல்லது டி.எல்.எட். முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும், பள்ளியில் பணியாற்றிக்கொண்டே இன்னும் பல பிள்ளைகளை எட்ட நினைக்கிறவர்களும் இந்தத் துறையைத் தீவிரமாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. திரையில் ஒருவர் வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். முதலாமவருக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் இரண்டாமவர் இல்லாத இடத்தில் பாடம் பிள்ளையிடம் போய்ச் சேராது. நீங்கள் இந்த இருவரில் யார் என்று முடிவு செய்துகொண்டு ஆயத்தமாகுங்கள்.

தகுதிச் சான்று முதலில்

திரையில் நன்றாகப் பேசுகிற பலருக்கும் ஆசிரியர் தகுதி இருப்பதில்லை. தகுதி உள்ள பலருக்குத் திரை வசப்படுவதில்லை. இரண்டும் உள்ளவர்கள் குறைவு என்பதால்தான் இதில் வாய்ப்பு இருக்கிறது.

கேரளத்தில் பள்ளி ஆசிரியராக கே-டெட் தேர்வு எழுத வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு முதல் பிரிவு, ஆறு முதல் எட்டு வரை இரண்டாம் பிரிவு, உயர்நிலைப் பள்ளிக்கு மூன்றாம் பிரிவு, மொழி ஆசிரியர்களுக்கும் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கும் நான்காம் பிரிவு. 150 மதிப்பெண்ணில் பொதுப் பிரிவினர் 90 எடுத்தால் தேர்ச்சி. மேல்நிலை வகுப்புகளுக்குச் செட் தேர்வு; அதை நடத்துவது இங்குள்ள எல்.பி.எஸ். மையம். எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே ‘பணியில் சேர்ந்தாயிற்று, இனி எதற்குத் தேர்வு’ என்று இருந்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ஒரு வேலையை முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும். வேறு மாநிலப் பட்டத்துக்குக் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமநிலைச் சான்று கேட்பது வழக்கம். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கடைசித் தேதி கடந்துவிடும். திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் இருக்கும் பி.எஸ்.சி. அலுவலகம் தமிழ் வழிப் பணியிடங்களைத் தனியாகவே அறிவிக்கிறது; உயர்நிலைப் பள்ளி கணிதம் தமிழ் வழி, தொடக்கப் பள்ளி தமிழ் வழி என்று தலைப்பிலேயே இருக்கும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பகுதிகள் பல. தமிழில் அறிவியல் நடத்தத் தெரிந்த ஒருவர் அங்கே கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

தகுதிச் சான்றோடு பணிப் பாதுகாப்பையும் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் எட்டாத மலைக் குடியிருப்புகளில் ஓராசிரியர் பள்ளிகள் பல ஆண்டுகள் நடந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்தின் அம்பூரிப் பகுதியில் நடந்த பள்ளிக்கு, ஆசிரியை படகேறிக் கரை கடந்து, காட்டுவழி நடந்து போய்க் காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 2022-இல் அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. இத்தனை காலம் மலையேறியவர்களில் சிலருக்குப் பிறகு கிடைத்தது பள்ளிகளில் பகுதி நேரத் துப்புரவுப் பணி. அவர்களுடைய உழைப்புக்கு அது கைம்மாறே அல்ல. எட்டாத பிள்ளையைத் தேடிப் போகிறவர்தான் பணிப் பாதுகாப்பிலும் முதலில் நிற்க வேண்டும். நம் முறையில் அவர்தான் கடைசியில் நிற்கிறார். ஆகவே சேவை மனத்தோடு போகிறவர்களும் பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது, தற்காலிகமா ஒப்பந்தமா, எத்தனை மாதம், ஈட்டுறுதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். அப்படிக் கேட்பதால் உங்கள் சேவை மனம் குறைந்துபோகாது.

அரை மணி நேரப் பாடத்தைக் கட்டுவது

திரைப் பாடத்தைப் பற்றிப் பலருக்கு உள்ள தவறான எண்ணம், வகுப்பில் நடத்துவதை அப்படியே கேமரா முன் நடத்தினால் போதும் என்பது. அப்படி நடத்தினால் பத்தாவது நிமிடத்தில் பிள்ளை எழுந்து போய்விடும்.

2020 ஜூனில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்த கோழிக்கோடு மாவட்ட ஆசிரியை சாய் சுவேதாவை நினைத்துப் பாருங்கள். மிட்டுப் பூனை, தங்குப் பூனை என்று இரண்டு பூனைகளின் கதையைக் கையில் பொம்மையோடு சொன்னார். எதிரே ஒரு பிள்ளையும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்டார், நிறுத்தினார், பதில் காதில் விழுந்தது போலத் தலையாட்டினார். வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருந்த குழந்தைகள் உண்மையிலேயே பதில் சொன்னார்கள். திரை ஆசிரியரின் முதல் திறமை அந்த நிறுத்தம்தான். பேசாமல் இருக்கும் ஐந்து விநாடி கேமரா முன் ஐந்து நிமிடம் போலத் தோன்றும். பதறி அடுத்த வாக்கியத்துக்குத் தாவாமல் இருக்கப் பழக வேண்டும்.

ஓர் எளிய பாடத்தை எடுத்துப் பார்ப்போம். நாலாம் வகுப்பு, பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? வகுப்பறையில் என்றால் ஒரு பையன் ‘நாலுதான் டீச்சர் பெருசு’ என்பான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்து அவன் எங்கே வழுக்கினான் என்று பிடித்துவிடுவீர்கள். திரையில் அந்த முகம் இல்லை. அதனால் பிள்ளையின் தவறான பதிலை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘நாலு மூணைவிடப் பெருசு, அதனால நாலில் ஒண்ணுதான் பெருசுன்னு எழுதியிருக்கீங்களா? அப்படி எழுதினவங்க ஒரு பப்படத்தை மூணு பேருக்குப் பிய்ச்சுக் கொடுங்க. இன்னொண்ணை நாலு பேருக்குக் கொடுங்க. யாருக்குப் பெரிய துண்டு?’ தவறாக எழுதிய பிள்ளை அந்த நொடியில், இவர் என்னைத்தான் பார்த்துப் பேசுகிறார் என்று நிமிர்ந்து உட்காரும். ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்றையாவது எழுதிவைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள். இதை எந்தப் பயிற்சிக் கூடத்திலும் கற்க முடியாது. பல வருடம் விடைத்தாள் திருத்தியவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர், பளபளப்பான அறிவிப்பாளரைவிடப் பல மடங்கு மேலானவர் ஆவது இந்த இடத்தில்தான்.

டிவியில் ஓடும் பாடத்தைப் பிள்ளையால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. யூடியூபில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் டேட்டா தீர்ந்த வீட்டில் அதற்கும் வழியில்லை. அதனால் அரை மணி நேரத்தில் ஒரே கருத்து. அதை நோட்டில் எழுத இரண்டு இடைவெளி. கடைசியில் மறுநாளைக்கு ஒரே ஒரு கேள்வி. ‘போர்ஷன் முடிக்கணும்’ என்ற அவசரத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

கருவி விஷயங்கள் சில. பலகையில் எழுதும் எழுத்தை ஒரு சிறிய போன் திரையில் நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். நாம் பெரிதென்று நினைக்கும் எழுத்து அதில் எறும்பு ஊர்வது போல இருக்கும். நெருக்கமான கோடு போட்ட சேலையும் சட்டையும் கேமராவில் அலையடிக்கும். படம் சற்று மங்கினாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், ஒலி கெட்டால் பொறுக்காது. ஆகவே பணம் செலவழிப்பதென்றால் கேமராவுக்கு முன் ஒரு காலர் மைக்குக்குச் செலவழியுங்கள். வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் இந்த ஊர் மழையைக் கணக்கில் கொள்ள வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில் இடவப்பாதி மழை கொட்டும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு வார்த்தையும் பதிவாகாது. ஐப்பசி மழைக் காலமான துலாவர்ஷத்தில் மாலை இடி நிச்சயம். அதனால் காலை வேளையே நல்லது.

எடிட்டிங்கையும் ஓரளவு நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகின்றன. ஒலிக்கு ஆடாசிட்டி, காணொளிக்கு ஓப்பன்ஷாட் அல்லது கேடென்லைவ், படத்துக்கு கிம்ப். எல்லாமே இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு கைட் நடத்தும் ‘கூல்’ இணையவழிப் பயிற்சி இருக்கிறது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட், பள்ளி ஆசிரியர்களிலிருந்து மாஸ்டர் டிரெய்னர்களையும் அவ்வப்போது தேர்ந்தெடுக்கிறது. வகுப்பறையிலிருந்து இந்தத் துறைக்குள் நுழைய மிகவும் நேரான வழி அதுதான் என்பது என் கருத்து.

பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர்

ஃபர்ஸ்ட் பெல் தொடங்கியபோது சுமார் 2.6 லட்சம் மாணவர்களிடம் டிவியோ இணையமோ இல்லை என்று கணக்கிடப்பட்டது. முதல் வார வகுப்புகளைச் சோதனை ஒளிபரப்பு என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை நடந்தது. வாசகசாலைகள், அங்கன்வாடிகள், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் எனக் கிடைத்த இடத்திலெல்லாம் டிவி வைத்துப் பொதுப் படிப்பு மையங்கள் முளைத்தன. வகுப்பு முடிந்ததும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர் போனில் கூப்பிட்டு, எழுதியதை வாட்ஸாப்பில் வாங்கித் திருத்தி, புரியாததை விளக்கினார். டிவி நிகழ்ச்சியை வகுப்பாக மாற்றியது இந்த இரண்டாவது வேலைதான்.

இந்த வேலைக்கும் இன்று முறையான இடங்கள் இருக்கின்றன. பழங்குடியினர் குடியிருப்புகளில் அரசு நடத்தும் ‘சாமூஹ்ய படனமுறி’ என்ற சமூகப் படிப்பறைகளில், அந்தச் சமூகத்திலேயே படித்த இளைஞர்களைப் பயிற்றுநராக வைக்கிறார்கள். வயநாட்டில் 2017-இல் தொடங்கிய ‘கோத்ரபந்து’ திட்டம், ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தியது. பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், மலையாளத்தில் ஓடும் பாடமும் புரியத் தொடங்கும். படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு ஸ்கோள்-கேரளாவின் திறந்தநிலை மேல்நிலைப் படிப்பும், எழுத்தறிவு இயக்கத்தின் சமநிலைப் படிப்பும் நடக்கின்றன. அந்த நேரடி வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் வேண்டும். வேலைக்குப் போகிற பெரியவர்கள் விடுமுறை நாளில் வந்து உட்காரும் அந்த வகுப்பில் ஒரு முறை பாடம் எடுத்தவருக்கு, யாருக்காகப் பேசுகிறோம் என்பது திரையில் பேசும்போதும் மறக்காது.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கும் இதே இரு வழிகள் உண்டு. 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி திரைப் பக்கம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ பிள்ளைப் பக்கம். அதில் தன்னார்வலராக இருந்த பெண்கள் பலருக்கு, தங்கள் தெருவிலேயே ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார் என்பது தெரிந்தது. நேர்காணலில் இத்தகைய அனுபவத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வகுப்பு, தொடக்கத்தில் எந்த நிலையில் இருந்தார்கள், முடிவில் என்ன படித்தார்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

பணியில் உள்ள ஆசிரியர் கவனிக்க வேண்டியது: கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. அரசு ஊழியர்கள் வருமானம் தரும் யூடியூப் சேனல் நடத்த நடத்தை விதிகள் இடம் தரவில்லை என்று கேரள அரசு 2023-இல் நிலைப்பாடு எடுத்தது. ஆகவே பாடக் காணொளி போடத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது பிறகு உதவாது.

தனியார் கற்பித்தல் நிறுவனங்களில் சம்பளம் கவர்ச்சியாக இருக்கலாம். 2022 அக்டோபரில் பைஜூஸ் தன் திருவனந்தபுரம் டெக்னோபார்க் அலுவலகத்தை மூட முனைந்தபோது, ஊழியர்கள் அமைச்சர் வி. சிவன்குட்டியிடம் முறையிட்டார்கள். சில நாளில் நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது. ஆனால் 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீதே திவால் நடவடிக்கை தொடங்கியது. அதனால் அங்கே சேரும்போது கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி சம்பளம் பற்றியதே அல்ல. வேலை போனால் எத்தனை மாத அறிவிப்பு? நீங்கள் பதிவு செய்த பாடங்கள் யாருக்குச் சொந்தம்? பணியின் பகுதியாகச் செய்ததன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குத்தான் போகும். நீங்கள் விலகிய பிறகும் உங்கள் முகம் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருக்கும். கற்பிப்பதற்காக எடுக்கிறார்களா, சந்தா விற்பதற்காக எடுக்கிறார்களா என்பதையும் நேராகக் கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் பெற்றோரைப் போனில் பிடித்துப் பணம் கட்டவைப்பது ஆசிரியர் வேலையில் சேராது. அதைச் செய்யச் சொன்னால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இணையத்தில் முகம் காட்டுகிறவர்களுக்குக் கேலியும் வரும். 2020-இல் அந்த முதல் நாள் வகுப்புகள் முடிவதற்குள்ளேயே ஆசிரியைகளைக் கேவலமாகப் பேசிப் பதிவுகள் வந்தன; கேரள போலீஸ் வழக்குப் பதிந்தது. உங்களுக்கு நேர்ந்தால் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வழியாகப் புகார் கொடுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் உங்கள் பதிவில் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வாட்ஸாப் குழு தொடங்கினால் பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரையும் சேர்த்தே தொடங்குங்கள். தனிச் செய்தியில் பாடம் வேண்டாம்.

இப்போதே தொடங்க நினைக்கிறவர்கள் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு மாதிரிப் பாடத்தைத் தயார் செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் வேண்டாம். பிள்ளைகள் அதிகம் தடுமாறும் பாடத்தை எடுங்கள். போனில் பதிவு செய்து, அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பார்க்க வைத்து, நீங்கள் அந்தப் பிள்ளையின் பின்னால் உட்காருங்கள். கண் எப்போது திரையிலிருந்து விலகுகிறது என்று நேரத்தைக் குறியுங்கள். குறித்த இடத்தை வெட்டி, மறுபடி பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியது அந்த இரண்டாவது பதிவைத்தான்.